அறுபத்திரண்டாம் எண்

ஞாயிறு பூசை முடிந்ததும்
கண்ணாடியைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போவோம்.
லூயிஸ் வீட்டு பீரோவில் இருந்தது அது.
கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்
வெயில் எழுத்துக்குள் இறங்கி
ஒரு விளிம்பு நிழலாகி எழும்பும்.
காற்றாலையின் இறக்கை வந்து மறைப்பதற்குள்
வாசித்துவிட வேண்டும்.
மறைத்தால், போகட்டும் என்று காத்திருந்து
அடுத்த இறக்கைக்குள் இன்னும் இரண்டெழுத்து.

பாசியைச் சுரண்டக் கூடாது.
தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும்.
ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று வரும் என்றான் லூயிஸ்.
கையிலிருந்த நோட்டால் அவனை ஒன்று போட்டேன்.

திருப்பூரில் ஆறு நாளும் எனக்குச் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல்.
ஏழாம் நாளும் அதே கண்தான்.
எண் 9: 'சமாதானத்தில்' என்பதில் 'தா' விட்டுப்போய்
சமானத்தில் இளைப்பாறுகிறார் சவரிராயர்.
எண் 23: இறந்து நாலு வருடம் கழித்துப் பிறந்திருக்கிறார்.
எண் 31: தும்பிக்கை வைத்த பழைய ணை.
அதை எழுதவில்லை, பார்த்து வரைந்தேன்.
திருத்த வேண்டாம், உள்ளது உள்ளபடி
என்று சொல்லியிருந்தார் ஃபாதர்.

அறுபத்தொன்றோடு கல் முடிந்தது.
அங்கே இடுப்புயரச் சுவர்.
எப்போது கட்டியது, எதற்கு,
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
எல்லோருக்கும் தெரிந்ததை
யாரும் கல்லில் வெட்டுவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
கொழுஞ்சி, ஆவாரை, ஓட்டுச்சில்லு,
துருப்பிடித்த கம்பிச் சிலுவை ஒன்று.
வெள்ளாட்டுக்கு முளை அடித்துக்கொண்டிருந்த
கித்தேரியம்மாள் நிமிர்ந்தாள்.
"எம்பட புள்ளைக்கு என்ன நம்பருங்க?"

"கல்லு எங்கீங்க இருக்குது?"

"கல்லுங்களா!
அந்த வருசம் கெணத்துல
தண்ணியே இல்லீங்க.
இந்தச் செடிக்கு ரெண்டெட்டு மேக்க."

படிவத்தைப் புரட்டினேன்.
கல்லின் வகை. உயரம். அகலம். வாசகம்.
எல்லாக் கட்டமும் கல்லைத்தான் கேட்டது.
நீளம் மட்டும் பொதுவாக இருந்தது.
கேட்டேன்.
அவள் முளையைக் கீழே போட்டுவிட்டு
இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.
நடுவில் டேப்பைப் பிடித்தேன்.
தையற்காரனுக்கு அளவு கொடுப்பவள் போல
மூச்சை அடக்கிக்கொண்டு
அசையாமல் நின்றாள்.
ஐம்பத்தோரு சென்டிமீட்டர்.

பேர் வைப்பதற்குள் போயிற்றாம்.
"அப்ப பேரு எழுத வேண்டாங்களா?"
"எழுதோணும்" என்றாள்.
கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்தாள்.
"ரோசலி."
இப்போதுதான் வைத்தாளோ,
முப்பது வருடமாக வைத்திருந்தாளோ,
கேட்கவில்லை.

கமிட்டிச் செயலர் அருளப்பன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.
"கல்லறைக் கணக்கும்மா இது.
கல்லு வேண்டாமா?"
கல் இல்லீங்க, அறை இருக்குது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அறுபத்திரண்டின் மேல் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டார்.
அழிக்கவில்லை நான்.
உள்ளது உள்ளபடி.

அடுத்த ஞாயிறு சுவரருகே
ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.
ஒருவர் கையில் ஞானஸ்நானச் சீட்டு.
மற்றவர்கள் கையில் எதுவுமில்லை.

எழுத்தே இல்லாத இடத்துக்குக்
கண்ணாடி எதுக்கு என்றான் லூயிஸ்.
கொண்டா என்றேன்.
சாக்கை உருவிச் சுவர்மேல் தூக்கிக் கொடுத்தான்.
வானம் ஒரு பக்கமாகச் சரிந்து
காற்றாலையோடு
அந்தப் பக்கம் இறங்கியது.

ஆடு அதைப் பார்த்து
முட்ட வந்தது.