யார் கையிலும் இல்லாத மீன்

படகில் கெட்டால் கன்னியப்பன் நட்டம்.
குட்டியானையில் கெட்டால் மகிமைதாஸ் நட்டம்.
ரயிலேறிய பிறகு கெட்டால்
பாலக்காட்டுக்காரர் ஒரு மனு எழுதுவார்,
மனுவுக்கு ஒரு நம்பர் வரும்,
அதோடு சரி.

ஜீவரத்தினம் சாலை டீக்கடை பெஞ்சில்
ஈர விரலால் மூன்று கோடு இழுத்து
இப்படித்தான் பேசி முடித்தார்கள்.
லாபத்தில் பங்கு. நட்டம் அவரவர் கைக்கு.

பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்த நான் கேட்டேன்:
"ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்குப் போற நேரம்
யாரு கையில?"
"அது இன்னா, கண்ணு மூடித் தொறக்கற நேரம்"
என்று சிரித்தார்கள்.

ராயபுரத்தில் டிரெய்லர் வரிசை.
துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் இரும்பு,
அவசரமே இல்லாதது.
எங்கள் வண்டிக்கடியில் மட்டும்
சொட்டு, சொட்டு.
பூனைகள் வரும்.
காது கிழிந்த ஒன்றுக்கு மகிமைதாஸ் வைத்த பெயர்
டிக்கெட் கலெக்டர்.

அந்தச் சொட்டில்தான் என் வியாபாரம்.
படகில்லை, வண்டியில்லை.
வால்டாக்ஸ் ரோட்டில், பார்சல் ஆபீஸ் சுவரோரம்
சாக்கு போர்த்திய ஐஸ், ஒரு சுத்தியல், டேப்.
பெட்டிக்குப் பதினெட்டு ரூபாய்.
மூடியைத் திறந்து சங்கராவின் கண்ணைப் பார்ப்பேன்,
எங்கே குழிந்திருக்கிறதோ அங்கே வாரிப் போடுவேன்.

பங்குனியில் ஒரு ராத்திரி
ரயில் மூன்று மணி நேரம் லேட்.
முப்பத்தொரு பெட்டி.
வண்டி இறக்கிவிட்டுப் போயிருந்தது,
ரயில் இன்னும் ஏற்றிக்கொள்ளவில்லை.

போன் போட்டேன்.
"கரையோட என் வேல முடிஞ்சுது."
"ரசீது கீதுக்கா, பாத்துக்கோ."
"வந்தால் காசு, இல்லெங்கில் இல்லை."

கொடுக்கிறவரெல்லாம் வைத்துவிட்ட பிறகு
ஐஸ் பேக்டரியில் என் கம்மலைக் கழற்றி வைத்து
ஆறு பார் வாங்கினேன்.
மீன்பாடி வண்டியில் வரும்போது
முதுகெல்லாம் நனைந்து
எனக்கு மட்டும் மார்கழி.

மறுநாள் பாலக்காட்டிலிருந்து:
"நாலு கிலோ குறையுது."
"கொறஞ்சது தண்ணி. மீன் இன்னா சொல்லுது?"
பேச்சில்லை. பெட்டி திறக்கும் சத்தம்.
"கண்ணு தெளிஞ்சிருக்கு."

அன்று சாயங்காலம் அதே பெஞ்ச்.
கோடுகள் காய்ந்து எத்தனையோ நாளாயிற்று.
டம்ளரில் விரல் நனைத்து
மூன்றையும் திரும்ப இழுத்தேன்,
பக்கத்தில் நாலாவது.

கன்னியப்பன் மகிமைதாஸைப் பார்த்தார்.
மகிமைதாஸ் தெருவைப் பார்த்தான்.
பெஞ்சு சூடு, ஓரத்தில் காய ஆரம்பித்தது.
நான் மறுபடி விரலை நனைத்தேன்.
மறுபடி.