மூன்றாவது கிளை

விடியற்காலை ஐந்தே முக்கால்.
ஆலைச் சங்கு இன்னும் ஊதவில்லை.
பகாவ் பட்டணத்தின் மேல் செம்பனை எண்ணெய் வாடை
பிழியாத துணிபோல் தொங்குகிறது.

பட்டையை முதலில் வலது கையில் சுற்றுகிறேன்.
நூற்று இருபத்தாறு.
பிறகு இடது.
நூற்றுப் பதினெட்டு.

நான் எடைமேடைக் கிராணி.
குலை ஏற்றி வரும் லாரியை நிறையாக ஒரு தரம்,
காலியாக ஒரு தரம் நிறுப்பவள்.
வித்தியாசம்தான் எங்களுக்குக் கணக்கு.
எட்டு. பரவாயில்லை. நோட்டில் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் டாக்டர் ஹஸ்லினா
கடித உறையின் முதுகில் வரைந்தார்,
குடைக் கைப்பிடிபோல் ஒரு வளைவு,
அதன் மேல் மூன்று கிளைகள்.
வளைவில் ஓரிடம் உப்பியிருந்தது.
தொடை வழியே ஒரு துணிக்குழாயைச் சுருட்டி ஏற்றி
அங்கே விரிப்பார்களாம்.
"விரிந்தால் உப்பலுக்கு ரத்தம் போகாது" என்றார் மலாயில்.
பேனா மூன்றாவது கிளையில் நின்றது.
"இதன் வாயும் அடைபடும். இடது கைக்குப் போகிறது இது.
இவருக்கு எந்தக் கைப் பழக்கம்?"

சன்னாசி இடது கைக்காரர்.
கொதிகலனின் வெடிப்பைப் பற்றவைப்பது அந்தக் கை.
தீபாவளிக்கு முறுக்குப் பிழிவது அந்தக் கை.
இரண்டாவது மகள் பிறந்த வருஷம்
ஒரு சம்பள ராத்திரியில்
என் வலது காதுக்குள் ஒரு வண்டை
விட்டுப் போனதும் அந்தக் கைதான்.
இன்னும் இரைகிறது.

உறையில் அதற்குக் கோடு இல்லை.

"அடைத்தே விட்டால்?" என்று கேட்டேன்.
செலவை நினைத்துக் கேட்கிறேன் என்று எண்ணியிருப்பார்.
சிலருக்கு வேறு வழியில் ரத்தம் சுற்றி வந்துவிடுமாம்.
சிலருக்குக் கை சில்லிட்டுச் சோர்ந்துவிடுமாம்.
அதே கிளையிலிருந்துதான்
பின்மூளைக்கு ஒரு சிறு கிளை பிரிகிறது,
முதுகுத் தண்டுக்கும் பங்கு உண்டு.
கையை மட்டும் தனியே நிறுத்திவைக்க
உடம்பில் இடமில்லை.

"முதலில் கழுத்தெலும்புக்கு மேல் கீறி,
இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு
சின்னதாய் ஒரு பாலம் போடுவோம்.
தலைக்குப் போவதில் கொஞ்சம் கைக்குத் திரும்பும்.
அப்புறம்தான் துணிக்குழாய்."

தலைக்குப் போவதில் கொஞ்சம் கைக்கு.
மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
இனி அந்தக் கை
தலையைக் கேட்டுத்தான் வாங்கித் தின்னும்.

பாரத்தைத் தள்ளினார்கள். பேனா கசிந்தது.
போட்டேன்.

மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
அது வேறு நோட்டு.
செத்த கையிடம் எதையும் கேட்க முடியாது,
அவ்வளவுதான்.
என்றைக்குக் கேட்பேன் என்று தெரியவில்லை.

இப்போது இரண்டு விரலை வைத்து
இடது மணிக்கட்டைத் தேடுகிறேன்.
கழுத்தில் தழும்பு ஒரு விரல்கடை நீளம்,
இன்னும் சிவப்பு.
"ஓடுதா?" என்கிறார், கண்ணைத் திறக்காமல்.
"ஓடுது."

சங்கு ஊதுகிறது.
எழுந்து உட்கார்ந்து இடது கையால் கோப்பியை எடுக்கிறார்.
கோப்பை லேசாக ஆடுகிறது, சிந்தவில்லை.
"பசியாறிட்டியா?"
முதல் தடவையாகக் கேட்கிறார்.
வண்டின் இரைச்சலில் சரியாக விழவில்லை என்று
திரும்பவும் சொல்ல வைக்கிறேன்.