பதினொன்றரை வெயில்

தோஹாவில் உச்சிப்பொழுது
பன்னிரண்டு வரை காத்திருப்பதில்லை,
குளிர்காலத்தில் பதினொன்றரைக்கே வந்துவிடும்.
வெள்ளிக்கிழமைதான் அதைப் பார்க்கக் கிடைக்கும்.
மைதீன் பிச்சை தொழுகைக்குப் போயிருப்பான்,
தில் பகதூர் குளியலறை வரிசையில்,
பனிமயம் மேல்கட்டிலில் சுவர் பார்த்துத் தூக்கம்.
ஆறு கட்டில். ஒரே சன்னல். தெற்குப் பார்த்தது.

ஆனி மாதம் முழுக்க
தலைக்கு நேர்மேலே நின்று
தெருவையும் தகரத்தையும் வறுக்கிறவன்
எங்கள் அறைக்குள் வைப்பது
சன்னலடியில் நான்கு விரல்.
பத்து முதல் மூன்றரை வரை
வெளிவேலை கூடாது என்று பலகை தொங்கும்.
நாங்கள் உள்ளே கிடப்போம்
அவன் வெளியே.

ஆவணி கழிந்தால் இறங்கத் தொடங்குவான்.
புரட்டாசியில் தரை ஓடு மூன்று.
ஐப்பசியில் செருப்புக் குவியல்.
கார்த்திகையில் தில் பகதூரின் பெட்டி,
அதன் பூட்டு மட்டும் தனியாக மின்னும்.
மார்கழி ஆறாம் தேதி வாக்கில்
எட்டாவது ஓடு, என் கட்டில் கால்.
அதற்குமேல் விரற்கடை நகராது.
நான் பாதங்களைக் கீழே தொங்கவிட்டு
அதற்குள் வைத்துக்கொள்வேன்.
போன வருடம் அந்த இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

"எங்கூர்ல ஆனி ஆடியில
மத்தியான நெழலு தெக்க விழும்லா"
என்பான் பனிமயம், யாரும் கேட்காதபோது.
உண்மைதான்.
இங்கே பன்னிரண்டு மாதமும் வடக்கே.
ஒருநாள்கூட எங்கள் நிழல்
ஊர்ப்பக்கம் சாய்ந்ததில்லை.

மாசியில் எதிர்மனையில் குழி வெட்டினார்கள்.
வெட்டினார்கள் என்ன, வெட்டினோம்.
என் கம்பெனிதான். கம்பி கட்டுவது என் வேலை.
விடியக்காலை பஸ் பிடிக்க வேண்டாம் என்று
சந்தோஷப்பட்டேன்.

பன்னிரண்டு நாளுக்கு ஒரு தளம் நாங்கள் ஏறினோம்.
நாளுக்கு ஒரு பொட்டு அவன் இறங்கினான்.
குறுகலான மாடிப்படியில்
எதிரெதிரே வருகிற இரண்டு பேர் மாதிரி.
யாரோ ஒருவர் ஒதுங்கவேண்டும்.

கார்த்திகைக் கடைசி வெள்ளி.
ஏழாம் தளத்துக் கம்பிகள் மட்டும் நிற்கின்றன,
வியாழன் இருட்டும்வரை நான் முறுக்கிய முடிச்சுகளோடு.
கம்பிகளின் நிழல் என் போர்வையில்
கோடு கோடாய் விழும் என்று பார்த்தேன்.
விழவில்லை.
அத்தனை மெல்லிய நிழல்
அத்தனை தூரம் வந்து சேராது,
வழியிலேயே கரைந்துவிடும்.
வெயில்தான் வந்தது,
சல்லடையில் சலித்ததுபோல் கொஞ்சம் மங்கி.

சனி இரவு கான்கிரீட் ஊற்றினோம்.
அடுத்த வெள்ளி, பதினொன்றரை.
எட்டு ஓடுகளிலும் ஒன்றுமில்லை.
"வெயிலா முக்கியம், சம்பளம் ஏறிச்சான்னு பாரு"
என்றான் பனிமயம்.
இரண்டு நாள் கழித்து அவனே,
துண்டை முகர்ந்துவிட்டு:
"காயவே மாட்டேங்குதே, என்னவாம்?"

மறைக்கவே முடியாத மாதத்தில்
அவன் எங்கள் அறைக்கு வருவதில்லை.
வருகிற மாதத்தில்
கூலி வாங்கிக்கொண்டு மறைத்துவிட்டோம்.

இன்று மேலே எட்டாம் தளத்துக்குக் கம்பி.
சாப்பாட்டு நேரத்தில் ஒரு தளம் கீழே இறங்கினேன்.
தெற்குப் பார்த்த அறை.
கதவில்லை, கண்ணாடியில்லை,
சிமெண்ட் வாசனை இன்னும் ஈரமாக.
அங்கே நின்றுகொண்டிருந்தது.
சொரசொரத்த தரையில்
யாரும் இன்னும் படுக்காத மூலை வரை நீண்டு,
மங்காமல்.

பூட்ஸைக் கழற்றினேன்.
பாதங்களை உள்ளே வைத்துக்கொண்டு
ரொட்டியைப் பிய்த்தேன், பருப்பைத் தொட்டேன்.

எழுந்திருக்குமுன்
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
வெயில் முடிகிற இடத்தில்
ஒரு கோடு.
அடுத்த மாதம் மேலே பளிங்கு ஓடு வரும்.
அடியில் இருக்கட்டும்.