சுங்கம்

செகெட் நகரப் புத்தகக்கடை.
ஒரு நாவலின் நெகிழி உறையைக் கீறுகிறது
பதினைந்து வயதுக் கின்ச்சோவின் நகம்.

உள்ளே ஓர் ஆறு.
கடக்கும்போதெல்லாம் உடல் மாறும் ஓர் உயிர்,
போகையில் மீசை, வருகையில் இல்லை.
கரையில் அரசனின் சுங்கச்சாவடி:
ஆண் தலைக்கு ஒரு காசு,
பெண் தலைக்கு இரண்டு,
உன் தலைக்கு?

ஹங்கேரிய மொழியில் அவனும் அவளும்
உச்சியில் இரு கீற்று வைத்த ஒற்றை எழுத்து.
உறை போடச் சொன்ன சட்டமும்
அந்த மொழிதான் பேசுகிறது.

தமிழில் சொல்ல வந்த எனக்கோ
ஆன், ஆள் என்று
ஒவ்வொரு வினைமுற்றிலும்
ஒரு சுங்கச்சாவடி.

கத்தரிக்கோலை மேசையில் மறந்தாற்போல் வைத்துவிட்டு
காப்பிக்குப் போகிறார் கடைக்காரர் டிஹமேர்.

பிளாஸ்டிக் கிழியும் சத்தம்.
நடு ஆற்றில் இப்போது
கின்ச்சோ