நிசீதிகை

முப்பது இஞ்சு டயா மெஷின் நாலு மாட்ட வந்த
குவோவுக்கு அன்றைக்கு ஊரில் கல்லறை கூட்டும் நாள்.
கம்பெனியில் கரண்டு இல்லை.
கைப்பேசியிடம் ஏதோ பேசினான்;
அது பெண் குரலில் தமிழாக்கியது:
"அருகில் படித்த பிணம் உண்டா?"

சமணக்கரடு என்றேன்.
ஊத்துக்குளி தாண்டி, கிளுவை வேலிக்குள்
வண்டி ஏறாத இடம்வரை போனோம்.
பக்கத்தில் கட்டியிருந்த தென்னந்துடைப்பம்
எந்த ஸ்பீடு பிரேக்கரில் உருவியதோ.

ஏறும்போது மூச்சு வாங்கச் சொன்னான்:
அவன் ஊர் மலைச்சரிவிலும் ஒருவர்,
அகராதி எழுதியவர்,
ஈராயிரம் வருசமாகப் படுத்திருக்கிறார்.
டிக்கெட் உண்டு. வாசலில் கல் ஆமை.
பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் தடவித் தடவி
ஆமைக்கு மூக்கே இல்லையாம்.

இங்கே டிக்கெட்டும் இல்லை, ஆமையும் இல்லை.
பாறையில் முழ உயரம் உட்கார்ந்த உருவம்,
தலைக்கு மேல் மூன்று குடை,
கீழே மூன்று வரி, எனக்குப் பிடிபடாத எழுத்து.
ஓரத்தில் அரிவாள் தீட்டிய வழவழப்பு.
துரு தின்றதுபோகப் பலகையில் மிச்சம்:
'...நந்தி ஆசிரியர். இலக்கணம்...'
அப்புறம் 'நிசீதிகை' என்று ஒரு சொல்.

உருவத்தின் மடியில் கட்டெறும்புச் சாரி.
கரடெல்லாம் மயில், எங்கள் சோளத்தைத் தீர்க்கிற சனியன்கள்.
போன வருசம் உதிர்ந்து வெளுத்த பீலிகளைப் பொறுக்கி
பனியன் நூலால் சுற்றிக் கொடுத்தேன்.
கூட்டினான்.
ஒன்றும் நசுங்காமல் எறும்புகள்
வேறு பக்கமாகச் சாரி பிடித்துக்கொண்டன.

பிறகு பையைத் திறந்தான்.
கமலா ஆரஞ்சு மூன்று, முட்டை பப்ஸ் இரண்டு.
கைப்பேசி கேட்டது:
"ஆசிரியர் பசியோடு இருப்பாரா?"

அப்போதுதான் பலகையின் கடைசி வரி கண்ணில் பட்டது:
'முப்பத்து நான்கு நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்தார்.'

சொல்லாமலே விட்டிருக்கலாம்.
கைப்பேசிக்குள் இருக்கிறவளிடம் மெதுவாகச் சொன்னேன்.
அவள் அவனிடம் என்ன சொன்னாளோ,
குவோ ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக
பைக்குள் திருப்பி வைத்தான்,
ஆள் தூங்குகிற வீட்டில்
பாத்திரம் எடுத்து வைப்பதுபோல.
கல்லில் ஒட்டிய பப்ஸ் எண்ணெயைச்
சட்டை நுனியால் துடைத்தான்.

கீழே வந்து, வண்டி மறைவில்,
கரட்டுக்கு முதுகு காட்டித் தின்றோம்.
பப்ஸ் ஆறியிருந்தது. நல்ல பசி.
கரண்டு வந்துவிட்டதென்று போன்.
கிளம்பும்போது பார்த்தேன்,
பீலிக்கட்டு அவன் சட்டைப்பையில்,
ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில்.