உப்புக் கணக்கு

குறுமன்வெளித் துறையில்
ஏழரைப் பாதை வரவில்லை.
தண்ணீரில் மிதந்து ஆளேற்றும் இரும்புத் தட்டுக்கும்
இங்கே பாதை என்றுதான் பெயர்.
மண்டூர்ப் பக்கத்து ஆட்கள் தோணிகளில் வந்தார்கள்,
சாரத்தை மடித்துக் கட்டி,
செருப்பைக் கையில் பிடித்து.
கூட்டம் ஒன்பதுக்கு. கதிரைகள் நாற்பது.
வந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்.
எண்ணியது நான். அது என் வேலை,
அறிக்கை எழுதுவதும்.

பொறியியலாளர் படம் போட்டுக் காட்டினார்.
நீலக் கோடு வாவி. சிவப்புக் கோடு குழாய்.
நகரத்துக் குளியல், துவையல், கக்கூசு எல்லாம்
மூன்று தொட்டிகளில் இறங்கி ஏறி
நான்காவதில் தெளிந்து
எங்கள் பக்கம் வந்து விழும்.
'விழும்' என்று அவர் சொல்லவில்லை,
'விடுவிக்கப்படும்' என்றார்.
அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிறகு மேசைமேல் ஒரு கிளாஸ் வைத்தார்.
சுத்திகரித்த நீர், இப்படித்தான் வரும்.
பின்வரிசைப் பொடியன் ஒருவன் கத்தினான்:
"குடிச்சுக் காட்டுங்க பாப்பம்!"
குடித்தார்.
முழுவதையும்.
கிளாஸைக் கவிழ்த்தும் காட்டினார்.
மண்டபம் ஒரு கணம் தோற்றுப்போனது.
பொடியன் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினான்.
தலைவர் என் பக்கம் திரும்பி
எழுது என்பதுபோல் தலையசைத்தார்.

அப்போதுதான் பரிபூரணம் எழும்பினாள்,
இறால் உரித்து உரித்து விரல்நுனி வெடித்தவள்.

"தம்பி, தண்ணி நல்லதெண்டுதான் நானும் சொல்றன்.
நல்ல தண்ணிக்குத்தான் பயமாக் கிடக்கு.
மாரிக்கு முகத்துவாரம் வெட்டினா
வெள்ளம் கடலுக்குப் போகும்.
மறுகா கடல் உள்ளுக்கு வரும், உப்போட.
அந்த உப்போடதான் இறால் குஞ்சு ஏறும்.
அந்த உப்புலதான் ஆத்துவாழை சாகும்.
உங்கட குழாய்க்கு மாரி தெரியுமா, கோடை தெரியுமா?
போயாவுக்குப் பூட்டுவீங்களா?
ராவும் பகலும் நல்ல தண்ணி வந்து விழுந்தா
கடல் எந்த வாசலால வாறது?"

அவர் தாள்களைப் புரட்டினார்.
எண்பத்து நாலாம் பக்கம், ஒரே ஒரு வரி:
உவர்த்தன்மையில் கணிசமான மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை.
அளந்தது மார்கழியில். இரண்டு நாள்.

கிட்டங்கியிலிருந்து வந்திருந்த ஆதம்பாவா
குந்திய இடத்திலிருந்தே கேட்டார்:
"மார்கழியிலயா? வெள்ளத்துக்குள்ளயா?
அப்ப உப்பு வாவியில எங்க வாப்பா இருக்கும்?
என்ட மீசையிலதான் இருந்திருக்கும்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
பொறியியலாளரும் சிரித்தார். கெட்ட மனுசன் இல்லை.

நான் சிரிக்கவில்லை.
அந்தச் சிவப்புக் கோடு தொடங்கும் நகரத்தில்தான் என் வீடு.
கார்த்திகை மழைக்கு எங்கள் ஒழுங்கையில் குழி பொங்கும்.
மகளைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளி வேனுக்குப் போவேன்.
இந்தத் திட்டம் வேண்டும் என்று போன மனுவில்
நாற்பத்தேழாவது கையெழுத்து என்னுடையது.
எழும்பிச் சொல்லியிருக்கலாம்.
அறிக்கை எழுதுபவர் பேசுவதற்கு
நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை
என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

"மக்கள் சில சந்தேகங்களை எழுப்பினர்."
தலைவர் சொன்னார், எழுதினேன்.
பிறகு அடிமட்டத்தை வைத்து
படிவத்தில் இல்லாத ஒரு கட்டம் கீறினேன்.
அதற்குள், அவள் சொன்னபடியே:
குழாய்க்கு மாரி தெரியுமா.
கேள்விக்குறி போட மறந்துவிட்டேன்.
போடாமலே விட்டேன்.

பின்னேரம் பாதை ஓடத் தொடங்கிவிட்டது.
துறையில் பரிபூரணத்தின் தராசுக்கு முன்னால்
பொறியியலாளர் நின்றுகொண்டிருந்தார்.
ஒரு கிலோ. விலை குறைக்கவுமில்லை,
நிறை குறைக்கவுமில்லை அவள்.
"வாற வருசமும் வாங்க" என்றாள்,
"இருந்தாத் தாறன்."

நானும் அரைக் கிலோ வாங்கினேன்.

இரவு குசினியில் உரித்துக் கழுவி முடித்து
அந்தச் சாம்பல் தண்ணீர்
தொட்டித் துவாரத்தில் சுழன்று இறங்குகையில்
எங்கே போகிறது என்று
இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில்
முதல் தடவையாகக்
குனிந்து பார்த்தேன்.