கைநாட்டான்

குரொய்டனில் அந்தக் கண்ணாடித் தட்டு
என் வலது பெருவிரலை மூன்று முறை மறுத்தது.
துடைத்துவிட்டு வையுங்கள் என்றாள் மேசைக்காரி.
துடைத்தேன்.
கொஞ்சம் ஈரமாக்கி வையுங்கள் என்றாள்.
நாக்கில் தொட்டேன்,
அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினெட்டு வருடம் மிட்சம் மில்லில்.
அரிசிமா, குரக்கன்மா, வறுத்த உழுந்துமா.
பையில் விழ விழ
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு:
நொய் தட்டினால் கல்லை இறுக்கு,
சுட்டால் தளர்த்து.
ரேகை எந்தப் பையோடு போனதோ,
யார் வீட்டு இடியப்பத்தில் அவிந்ததோ.

கடிதம் வரும், திரும்ப வாருங்கள் என்றார்கள்.
இரண்டு தரிப்பு முன்னரே பஸ்ஸை விட்டிறங்கி
வாண்டில் ஆற்றோரம் நடந்தேன்.

நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டையோடு தண்ணீரில் ஒருத்தன்.
பெயர் ரோரி. மீன் கணக்கெடுக்கிறானாம், சம்பளமில்லாமல்.
வெள்ளைத் தட்டில் ஆற்றுநீர்,
அதில் கூழாங்கல் நிறத்தில்
தலை முடிந்ததும் மீனும் முடிந்ததுபோல் ஒன்று.
உழுவையோ என்று குனிந்தேன்.

"மில்லர்ஸ் தம்."

தம் என்றால் தமிழில் 'தங்களுடைய'.
யாருடைய என்று நான் கேட்குமுன்
தன் பெருவிரலை உயர்த்தி,
சுட்டுவிரலில் தேய்த்துக் காட்டினான்:
ஒருகாலம் இந்த ஆறு முழுக்க ஆலைகள்.
மாவைத் தேய்த்துத் தேய்த்து
ஆலைக்காரன் விரல் தட்டையாகிப்போகுமாம்,
இந்தத் தலை மாதிரி.
அப்படித்தான் சொல்கிறார்கள், சரியாகத் தெரியாது.

எந்த ஆலைக்காரன்?
அதுவும் தெரியாது.

என் விரலைத் தட்டின் விளிம்பில் வைத்தேன்.
ரோரி அதைப் பார்த்தான், மீனைப் பார்த்தான்,
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

கல்லின் அடிப்பக்கத்தில்தான் முட்டை ஒட்டியிருக்குமாம்.
ஆண்தான் காவல்,
பொரிக்கும்வரை செட்டையால் விசிறிக்கொண்டே.
இரவு ஷிப்ட் என்றேன். சிரித்தான்.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?"
அவன் படிவத்தில் ஒரு கட்டம் காலியாய்க் கிடந்தது.
இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
ஆனால் காலையில் ஏற்கெனவே ஒரு கட்டத்தைக்
காலியாக விட்டுவிட்டு வந்தவன் நான்.

கைநாட்டான், என்றேன்.

எழுத்தெழுத்தாய்க் கேட்டு எழுதினான்.
ஓர் எழுத்துப் பிழை. இருக்கட்டும்.
தட்டை ஆற்றில் சரித்தான்.
ஒரு வெட்டில் கல்லுக்கடியில் போய்
முதல் முறையிலேயே
பதிந்தது அது.